கரிசல் மண்ணில் ஒரு சித்திரக்கூடம்: ஓவியர் சி. கொண்டைய ராஜு

தென்பாண்டி நாட்டு வீடுகளில் நெடுங்காலம் நிலவிவந்த வழக்கம் ஒன்று உண்டு. ஆண்டு முடிந்து நாட்காட்டியின் தேதித் தாள்கள் தீர்ந்துபோனால் அந்த அட்டையை யாரும் குப்பையில் எறிவதில்லை. மேலுள்ள தகரப் பட்டையைக் கழற்றுவர். கடையின் பெயரும் விலாசமும் அச்சிட்ட அடிப்பகுதியை வெட்டி நீக்குவர். எஞ்சிய படத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டுப் பூசை அறையில் மாட்டுவர். நேற்றுவரை மளிகைக் கடைக்கோ ஜவுளிக் கடைக்கோ விளம்பரமாக இருந்த தாள், அன்றுமுதல் மஞ்சளும் குங்குமமும் ஏற்கும் திருவுருவம் ஆகிவிடும்.

அவ்வாறு சட்டமேறிய படங்கள் பலவற்றின் மூலத்தை வரைந்தவர் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டைய ராஜு ஆவார். 1898ஆம் ஆண்டில் பிறந்து 1976ஆம் ஆண்டில் மறைந்த அவருடைய கைவண்ணத்தைப் பாராத தமிழ் இல்லம் அரிது. அவர் பெயரை அறிந்த இல்லமோ அதனினும் அரிது. முறையான கலைப்பள்ளியில் பயின்று வெளிவந்த ஓர் ஓவியர், கற்ற கலைக்கு ஏற்ற தொழிலைக் கண்டடைய இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைந்தார். கண்டடைந்த பின்னரும் அத்தொழிலைக் கலையென்று ஏற்பாரும் ஏலாதாருமாக உலகம் இரு கூறாகவே நின்றது. அவருடைய வாழ்க்கை வரலாறு கவிஞர்களுக்கும் உரியதாவது இதனாலேயே.

கலைப்பள்ளியும் அதன் காலமும்

கொண்டைய ராஜு இளமையில் ஓவியம் பயின்றது சென்னை அரசினர் கலைப்பள்ளியில். 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் ஆங்கிலேய மருத்துவரால் தொடங்கப்பெற்று, சில ஆண்டுகளில் அரசின் பொறுப்புக்கு வந்த பள்ளி அது. இந்நாட்டில் ஆங்கிலேயர் நிறுவிய கலைப்பள்ளிகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று. எனினும் நாம் இன்று கலைக்கல்லூரி என்று சொல்லும்பொழுது மனத்தில் எழும் தோற்றம் அக்காலத்தில் அதற்கு இல்லை. மரவேலை, உலோகவேலை, மட்பாண்டம், செதுக்குவேலை ஆகியவற்றோடு ஓவியமும் அங்கே ஒரு கைத்தொழிலாகக் கற்பிக்கப்பெற்றது. கொண்டைய ராஜு பிறந்த அதே 1898ஆம் ஆண்டில் அப்பள்ளியின் பட்டறையில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். பள்ளியின் நோக்கம் கலைஞரை உருவாக்குவதைக் காட்டிலும் தொழில் அறிந்த கைவினைஞரை உருவாக்குவதிலேயே ஊன்றியிருந்தது. வங்கத்து ஓவியரும் சிற்பியுமான தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1920களின் இறுதியில் தலைமை ஏற்ற பின்னரே நுண்கலை அங்கு முதலிடம் பெற்றது. கொண்டைய ராஜு பயின்றது அதற்கு முற்பட்ட காலம்.

அங்குக் கற்பித்தவை யாவை? வெளிச்சமும் நிழலும் கொண்டு உருவத்தைத் திரட்சியாகக் காட்டுதல், அண்மை சேய்மைக்கு ஏற்ப அளவைக் குறைத்து ஆழத்தை உணர்த்துதல், மனித உடலின் அளவறிந்து வரைதல் ஆகிய மேலைநாட்டு முறைகளே பாடம். அம்முறைகளை இந்தியப் புராணக் காட்சிகளில் ஏற்றி நாடெங்கும் புகழ்பெற்ற ராஜா ரவிவர்மா 1906ஆம் ஆண்டில்தான் மறைந்திருந்தார். 1894ஆம் ஆண்டில் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகத்தின் வண்ணப் படங்கள் தென்னாட்டுக் கடைத்தெருக்களிலும் விற்கப்பட்டு வந்தன. ஓவியம் பயிலும் ஓர் இளைஞனுக்கு அவை கண்முன் நின்ற பெருங்கனவு.

ஆனால் கனவுக்கும் பிழைப்புக்கும் இடையே தொலைவு மிகுதி. ரவிவர்மாவுக்கு அரசர்களும் திவான்களும் புரவலராக இருந்தனர். கலைப்பள்ளியில் தேர்ந்து வெளிவந்த எளிய மாணவனுக்குத் திறந்திருந்த வாயில்கள் சிலவே. உயர்நிலைப் பள்ளியில் சித்திர ஆசிரியராகலாம். அரசுப் பணியில் வரைபடம் எழுதுபவராகலாம். செல்வர் இல்லங்களில் உருவப்படம் எழுதலாம். விளம்பர ஓவியம் என்றும், வடிவமைப்பு என்றும் பிற்காலத்தார் பெயரிட்ட தொழில் அன்று தமிழகத்தில் தனித் தொழிலாக வேரூன்றவில்லை. கற்ற கலை கையில் இருந்தது. அதைக் கொண்டு செய்யத்தக்க தொழிலுக்குத்தான் பெயர் இல்லை. கொண்டைய ராஜு இவ்வாயில்களுள் எதிலும் நிலைத்து நிற்கவில்லை.

அருணையும் மீட்சியும்

பள்ளியை விட்ட பின் அவருடைய வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. அவர் உள்ளம் துறவை நாடிற்று. திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்தை அடைந்து சில காலம் அங்குத் தங்கினார். 1896ஆம் ஆண்டில் அருணைக்கு வந்த ரமணரைச் சூழ்ந்து, 1922ஆம் ஆண்டில் அவர் தம் அன்னை மறைந்த பின், மலையடிவாரத்தில் ஆசிரமம் உருப்பெற்றது. அங்கே வந்தடைந்தோருள் கற்றோரும் கலைஞரும் பலர்.

அவர் துறவியாகவே தங்கிவிடவில்லை. மீண்டும் தூரிகையைத் தேடி வந்தார். எனினும் அருணையில் தங்கிய காலம் வீண்போயிற்று என்று கருதுதல் பொருந்தாது. திருமணம் செய்துகொள்ளாமல், தமக்கெனச் செல்வம் சேர்க்காமல், மாணாக்கரையே குடும்பமாகக் கொண்டு எளிமையாக வாழ்ந்த அவருடைய பிற்கால வாழ்க்கையில் அந்நாட்களின் சாயல் தெரிகிறது. தெய்வ வடிவை வரைபவன் அவ்வடிவின்பால் கொள்ளவேண்டிய மன ஒருமையையும் அவர் அங்கிருந்தே பெற்றிருத்தல் கூடும்.

நாடகப் படுதா தந்த பாடம்

திரும்பி வந்த ஓவியருக்கு வேலை தந்தது நாடக மேடை. அக்காலத்தில் தமிழ் நாடகத்தின் தலைநகர் மதுரையே எனலாம். 1918ஆம் ஆண்டில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவியது அங்கேதான். அச்சபையில் சிறுவராய்ச் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் 1925ஆம் ஆண்டில் தம் சொந்தக் குழுவைக் கண்டனர். இவ்வாறு பெருகிய குழுக்கள் மதுரைச் சீமையின் ஊர்தோறும் கொட்டகை அமைத்து மாதக்கணக்கில் நாடகம் நடத்தின. ஒவ்வொரு குழுவுக்கும் நடிகரும் பாடகரும் போலவே காட்சித் திரைகளை எழுதும் ஓவியரும் இன்றியமையாதவராக இருந்தார். கொண்டைய ராஜு நாடகக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சென்று திரைகளை எழுதினார்.

படுதா எழுதுதல் எளிய வேலையன்று. அரசவை, அந்தப்புரம், கடைத்தெரு, காடு, கயிலாயம் என ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு திரை வேண்டும். நீண்ட துணியைத் தரையில் விரித்து, வண்ணப் பொடியை வச்சிரப் பசையில் குழைத்து, நின்றவாறும் நடந்தவாறும் எழுதவேண்டும். எழுதிய திரையைச் சுருட்டி வண்டியிலும் இரயிலிலும் ஏற்றிச் செல்வர். வண்ணம் உதிர்தல் ஆகாது. காஸ் விளக்கின் வெளிச்சத்தில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் உழவனுக்கும் மாளிகை மாளிகையாகத் தெரியவேண்டும். நுட்பம் மிகுந்தால் தொலைவில் மங்கிப்போகும். குறைந்தால் அண்மையில் இளிவரலாகும்.

கலைப்பள்ளியில் கற்ற ஆழம் காட்டும் கலை இங்கே புதிய பயன் பெற்றது. நடிகனுக்குப் பின்னே ஒரு முழு உலகம் விரியவேண்டும். ஆயினும் அவ்வுலகம் நடிகனை விழுங்கிவிடலாகாது. முன்னே உருவம், பின்னே காட்சி என்னும் இவ்வமைப்பே பிற்காலத்தில் அவருடைய தெய்வப் படங்களின் அடிப்படை ஆயிற்று. பார்வையாளர் யார் என்பதையும் அவர் மேடையிடமே கற்றார். கலைக்கூடத்துக்கு வரும் சுவைஞரைப் பற்றிப் பள்ளியில் கேள்வியுற்றிருந்தவர், கொட்டகைக்கு வரும் மக்களை நேரில் கண்டார்.

கோவில்பட்டியில் ஒரு நிறுத்தம்

1931ஆம் ஆண்டில் தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கியது. நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் திரையரங்குகளாக மாறின. நடிகர்களும் பாடகர்களும் படப்பிடிப்பு நிலையங்களை நாடிச் சென்றனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தின் தட்டுப்பாடுகளும் சேர்ந்துகொண்டன. 1940களின் தொடக்கத்தில் கொண்டைய ராஜு இருந்த குழு கோவில்பட்டியில் கலைந்தது.

கலைப்பள்ளியில் பயின்று முடித்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அகவையோ நாற்பதைக் கடந்துவிட்டது. குடும்பம் இல்லை, சேமிப்பு இல்லை, அண்டியிருந்த தொழிலும் கண்முன்னே கரைந்துபோயிற்று. சென்னைக்குச் சென்று திரைப்பட அரங்கங்களில் வேலை தேடியிருக்கலாம். மற்றோர் ஆசிரமத்தை நாடியிருக்கலாம். அவர் கோவில்பட்டியிலேயே தங்கினார்.

மதுரைக்குத் தெற்கே, விருதுநகர், சாத்தூர் வழியாகத் திருநெல்வேலிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் அது. சுற்றிலும் கரிசல் நிலம். பருத்தியும் கம்பும் விளையும் வானம் பார்த்த பூமி. பஞ்சாலையும் தீப்பெட்டித் தொழிலும் ஊரை வளர்த்தன. செண்பகவல்லி அம்மன் கோயில் ஊரின் நடுநாயகம். அருகிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூர் கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் ஆகிய இருவரையும் தமிழுக்குத் தந்தது. எழுத்தில் கரிசல் மண் பெற்ற சிறப்பை அறிந்தோர், ஓவியத்திலும் அம்மண்ணுக்கு ஓர் இடம் உண்டு என்பதை நினைவிற் கொள்ளல் தகும்.

கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டூடியோ எழுந்தது. ஒளிப்படம் எடுக்கும் நிலையமாகவும் ஓவியக் கூடமாகவும் அது விளங்கியது. திருமணத் தம்பதியரை நிறுத்திப் படம் எடுத்தல், எடுத்த படத்துக்கு வண்ணம் தீட்டுதல், மறைந்த பெரியவரின் சிறு படத்திலிருந்து பெரிய உருவம் எழுதுதல் ஆகியவை அக்காலத்து ஸ்டூடியோக்களின் அன்றாடப் பணிகள். படம் எடுக்க வருவோருக்குப் பின்னே தொங்கவும் ஒரு திரை வேண்டும். நாடகப் படுதாவின் சிறிய வடிவமே அது. பள்ளியில் கற்றதும் மேடையில் கற்றதும் ஓர் அறைக்குள் வந்து சேர்ந்தன. ஆயினும் இவையனைத்தையும் இணைத்து நாடெங்கும் பரப்பும் கருவி ஒன்று எஞ்சியிருந்தது. அது சாத்தூருக்கு அப்பால் சிவகாசியில் உருவாகிக்கொண்டிருந்தது.

சிவகாசி அச்சும் நாட்காட்டியும்

1922ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தாவுக்குச் சென்றனர். அவர்கள் திரும்பி வந்து தொடங்கிய தொழில் மழை பொய்த்த அம்மண்ணுக்கு வாழ்வளித்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு வண்ண அச்சு வேண்டும். அதன் பொருட்டு வந்த லித்தோ இயந்திரங்கள் ஊரை அச்சு நகரமாக்கின. முன்னர் ஜெர்மனி முதலிய நாடுகளில் அச்சாகி வந்த தெய்வப் படங்களின் வரவு போரினால் தடைப்பட்டது. விடுதலைக்குப் பின் உள்நாட்டு அச்சுத்தொழில் விரிவுற்றது. வணிகர்கள் தம் வாடிக்கையாளருக்கு ஆண்டுதோறும் நாட்காட்டி வழங்கும் வழக்கமும் பரவியது. அச்சகங்களுக்குப் படம் தேவைப்பட்டது. கொண்டைய ராஜுவிடம் கலை இருந்தது. 1950களில் இவ்விரண்டும் கூடின. அப்பொழுது அவர் ஐம்பது அகவையைக் கடந்திருந்தார்.

நாட்காட்டித் தொழிலின் நடைமுறை தனித்தன்மை வாய்ந்தது. ஓவியர் ஒரு மூலப்படம் எழுதுவார். அச்சகத்தார் அதை வண்ணம் வண்ணமாகப் பிரித்துத் தகட்டில் ஏற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவர். மாதிரிப் படங்களைத் தொகுத்த ஆல்பம் ஆடிப்பெருக்கை ஒட்டி வெளியிடப்பெறும். முகவர்கள் அதைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று வணிகர்களிடம் காட்டுவர். வணிகர் விரும்பிய படத்தின் அடியில் அவர்தம் கடைப்பெயரை அச்சிட்டுத் தருவர். ஒரே கஜலட்சுமி மதுரையில் நகைக்கடையின் பெயரையும், அயல் மாநிலத்து ஊர் ஒன்றில் எண்ணெய்க் கடையின் பெயரையும் தாங்கி நிற்பாள். மூலத்தை எழுதிய கை ஒன்று. அதைப் பெறும் இல்லங்கள் எண்ணில.

படத்தின் இலக்கணம்

கொண்டைய ராஜுவின் படங்களில் தெய்வம் பார்ப்பவரை நேருக்கு நேர் நோக்கும். ரவிவர்மாவின் மாந்தர் பலர் தமக்குள் ஆழ்ந்தோ பக்கவாட்டில் திரும்பியோ நிற்பர். அவர்கள் கதையின் மாந்தர். கோவில்பட்டிப் படங்களின் தெய்வமோ காட்சி தருவதற்கென்றே எழுந்தருளியிருப்பது. விழிகள் அகன்று திறந்திருக்கும். முகம் மாசுமறுவற்று ஒளிரும். அணிகலன் ஒவ்வொன்றும் எண்ணத்தக்க தெளிவுடன் அமையும். கோயிலில் திரை விலகியதும் தீப ஒளியில் கிட்டும் தரிசனத்தை அவர் தாளில் நிலைநிறுத்தினார்.

இதில் நான்கு மரபுகள் கலந்துள்ளன. உடலின் திரட்சியும் ஒளிநிழலும் கலைப்பள்ளி தந்தவை. பின்னே விரியும் மலையும் ஆறும் மண்டபமும் நாடகத் திரை தந்தவை. நேராக நோக்கும் நிலை ஒளிப்பட நிலையத்தில் பழகியது. கைகளும் கருவிகளும் வண்ணமும் இன்னவாறு அமையவேண்டும் என்னும் வரையறை ஆகமமும் தியான சுலோகங்களும் தந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கம்பத்தடி மண்டபத்தில் திருமால் தாரை வார்த்துத் தர, சொக்கர் மீனாட்சியின் கைப்பற்றும் திருமணக் கோலம் கல்லில் வடிக்கப்பெற்றுள்ளது. மீனாட்சி திருக்கல்யாணம் கொண்டைய ராஜுவின் புகழ்பெற்ற படங்களுள் ஒன்று. கோயிலுக்குச் சென்று தூணின் முன் நின்று காணவேண்டிய காட்சி, அத்தகைய படங்களின் வழியே வீட்டுச் சுவருக்கு வந்தது. கோயிலுக்குள் நுழைய நெடுங்காலம் தடுக்கப்பெற்றிருந்த மக்களின் குடிசைக்கும் அது வேற்றுமையின்றிச் சென்றது. மதுரைக் கோயிலில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது 1939ஆம் ஆண்டில்தான் என்பதை எண்ணினால் இதன் பொருள் விளங்கும்.

இரு பெயர்க் கையெழுத்து

கொண்டைய ராஜுவின் படங்கள் பலவற்றின் மூலையில் இரண்டு பெயர்கள் காணப்பெறும். ஒன்று அவருடையது, மற்றொன்று அவர் மாணாக்கர் டி.எஸ். சுப்பையாவினுடையது. ஆசிரியர் எழுதிய படத்தில் துணைநின்ற மாணாக்கனின் பெயர் மறைந்துபோவதே உலகியல்பு. மாணாக்கரின் உழைப்பை ஆசிரியர் தம் பெயரால் வெளியிடுவதும் கலையுலகில் புதிதன்று. கொண்டைய ராஜு அவ்வாறு செய்யவில்லை. தொழிலுக்கான வாயில் தமக்கு எத்துணைக் காலம் மூடிக்கிடந்தது என்பதை அறிந்தவர், தம்மிடம் வந்தவர்க்கு அவ்வாயிலைத் தொடக்கத்திலேயே திறந்துவைத்தார் எனலாம்.

சுப்பையாவோடு டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம் முதலியோரும் அவரிடம் பயின்று நாட்காட்டி ஓவியத்தில் பெயர்பெற்றனர். அவர்கள் பயின்ற இடத்தில் வகுப்பறை இல்லை, பாடத்திட்டம் இல்லை, பட்டம் இல்லை. ஆசிரியரோடு உடனுறைந்து, வண்ணம் குழைத்து, பின்புலம் எழுதி, சிறுகச் சிறுக முகத்தை எழுதும் தகுதியை அடைவதே கல்வி. சென்னைப் பள்ளியில் தாம் கற்றதைக் கோவில்பட்டியில் குருகுல முறையில் அவர் கற்பித்தார். பயின்று முடித்தவருக்குச் செய்யத்தக்க தொழில் காத்திருந்தது என்பதே இரண்டு பள்ளிகளுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு.

கலையா, கூலியா?

கொண்டைய ராஜுவின் புகழ் நாட்காட்டிகளில் பரவிய காலத்திலேயே சென்னைக் கலைப்பள்ளியில் வேறொரு விழிப்பு உண்டாயிற்று. 1957ஆம் ஆண்டுக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் இளம் ஓவியர்கள் நவீன ஓவியத்தில் தமக்கென ஒரு வழியை வகுத்தனர். கற்று முடித்தபின் எவ்வாறு பிழைப்பது என்னும் கேள்வி அவர்களையும் விட்டபாடில்லை. 1966ஆம் ஆண்டில் சென்னைக்கு அருகே அவர்கள் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயின் துணையால் தம் ஓவியத்தைச் சந்தையின் ஆணைக்கு அகப்படாமல் காத்தனர். ஒரே பள்ளியிலிருந்து புறப்பட்ட இரண்டு விடைகள் இவை. சோழமண்டலத்தார் பிழைப்பையும் கலையையும் பிரித்துவைத்தனர். கோவில்பட்டியார் பிழைப்புக்குள்ளேயே கலையைக் குடியேற்றினார்.

கலை விமரிசகர் பலர் நாட்காட்டிப் படங்களை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. அவற்றின் இனிமை அளவிறந்தது. தெய்வ முகங்கள் யாவும் ஒரே சாயலின. வாங்குவோரின் விருப்பத்துக்கு ஓவியர் பணிந்துவிட்டார் என்னும் குறைகளை முற்றும் மறுத்தல் இயலாது. புதிய முயற்சிக்கு அத்தொழில் இடம் தருவது குறைவு; சென்ற ஆண்டு விற்ற படத்தையே வணிகர் மீண்டும் கேட்பர். ஒருவர் படத்தை மற்றவர் படியெடுப்பதும் அத்தொழிலில் மிகுதி. கனடா நாட்டு மானிடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ் இவரது பணியைத் தனி ஆய்வுப் பொருளாகக் கொண்டு எழுதிய கட்டுரை 1995ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்பொழுது ஓவியர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

எனினும் தமிழ்ப் புலமை மரபை அறிந்தோர்க்கு இவ்வழக்கு புதியதன்று. ஊரார் வேண்டத் தலபுராணம் பாடியவரும், வள்ளல் வேண்டப் பிள்ளைத்தமிழ் பாடியவரும் நம் புலவரே. பாடுபொருளும் உறுப்புகளும் பருவங்களும் முன்னரே வரையறுக்கப்பெற்றவை, பரிசிலும் பேசப்பெற்றதே. அவ்வரையறைக்குள் நின்றுகொண்டு சிலர் கூலிக்குப் பாடி மறைந்தனர். சிலர் காலம் கடந்து நின்றனர். வேண்டியவர் யார், தந்தது எவ்வளவு என்பவற்றால் பாட்டின் தரம் முடிவாவதில்லை என்பதை இலக்கிய வரலாறு காட்டுகிறது. ஓவியத்துக்கும் அவ்வளவுகோலே பொருந்தும்.

1976ஆம் ஆண்டில் கொண்டைய ராஜு மறைந்தபொழுது அவர் விட்டுச்சென்ற சொத்து என்று சொல்லத்தக்கது மாணாக்கரும் படங்களுமே. மூலப்படத்தைக் காட்டிலும் அதன் படிகளே வாழ்வதற்கென்று எழுதப்பெற்றவை அவை. படியெடுத்த தாளோ ஓர் ஆண்டுக்கு மேல் நிற்பதற்கென்று அச்சிடப்பெறாதது. அதனைச் சட்டமிட்டுக் காத்தவர்கள் விமரிசகரும் அல்லர், அருங்காட்சியகத்தாரும் அல்லர். கரிசல் காட்டுக் கம்மங்கொல்லையிலிருந்தும் பஞ்சாலையிலிருந்தும் தீப்பெட்டி ஆலையிலிருந்தும் அந்தியில் வீடு திரும்பியவர்கள். அவர்கள் வெட்டி நீக்கிய அடிப்பகுதியோடு கடையின் பெயர் போயிற்று. பல வீடுகளில் ஓவியரின் பெயரும் உடன்போயிற்று. எஞ்சிய முகத்தின் முன் விளக்கு ஏற்றப்பெற்றது.